வெறும் வயிற்று எண்கள்

முப்பத்தொரு வருடம் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். காப்பி அடித்த பேப்பரைக் கண்டுபிடிப்பதில் எனக்குப் பெரிய பேர் உண்டு. கணக்கு சரியாக இருந்து, நடுவில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லையென்றால் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு அதே கணக்கைக் கரும்பலகையில் போடச் சொல்வேன். பாதியில் சாக்பீஸ் நின்றுவிடும். அப்படிப்பட்ட என்னை என் வீட்டுக்காரரும் என் கூடப் பிறந்த அண்ணனும் சேர்ந்து இரண்டரை வருடம் ஏமாற்றினார்கள். அதுவும் எண்களை வைத்தே ஏமாற்றினார்கள்.

என் வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டர் அவரிடம் பேசுவதைவிட என்னிடம்தான் அதிகம் பேசினார். “கண்ணு, கிட்னி ரெண்டையும் காப்பாத்தணும். காப்பாத்துறது உங்க கையிலதான் இருக்கு டீச்சர்” என்றார். அந்த வார்த்தையை நான் அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் பெண்டாட்டி இல்லை, போலீஸ்.

போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவ அவருக்கு ஊரே துணை. உரம் வாங்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். சித்தையன்கோட்டையிலிருந்து வருகிறவர் கொய்யா கொண்டுவருவார். சேவுகம்பட்டிக்காரர் மாம்பழம் கொண்டுவருவார். சிறுமலை வாழைப்பழம் சீப்பு சீப்பாகக் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும். “அன்பா கொண்டுவர்றத வேண்டாம்னு சொல்ல முடியுமா?” என்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கினால் மட்டும் நான்கு நாள் துறவி மாதிரி இருப்பார். கேப்பைக் கூழும் பாகற்காய் வெஞ்சனமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ரிசல்ட் ஓரளவு நன்றாக வரும். மறுநாள் கல்லாவுக்குப் பின்னால் சீப்பு காலியாகியிருக்கும்.

இந்த விளையாட்டுக்கு முடிவு கட்டத்தான் எங்கள் மகள் அந்த மெஷினைக் கொண்டுவந்தாள். அவள் வளைகுடாவில் நர்ஸ். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும்; லீவில் வந்தபோது பெட்டியிலிருந்து முதலில் எடுத்தது அதைத்தான். உள்ளங்கையில் அடங்கும். விரலில் ஊசியால் ஒரு குத்து, பட்டையில் ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். திரையில் முப்பதிலிருந்து நொடிக்கு ஒன்றாகக் குறைந்து, கடைசியில் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும். பார்த்த எண்ணையெல்லாம் தேதியோடு ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று மகள் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி என் வீட்டில் பொய்க்கு இடமில்லை என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் அதை ஏதோ சம்மன் வந்ததுபோலப் பார்த்தார்.

வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனி, காலையில் வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும். நான் அந்த எண்களை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, மகளுக்கு இமெயிலில் அனுப்ப வேண்டும். அவள் அங்கிருந்து கவனித்துக்கொள்வாள். இதுதான் ஏற்பாடு.

முதல் இரண்டு வாரம் வீட்டிலேயே பார்த்தோம். 212, 198, 240. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சண்டை. நேற்று என்ன தின்றீர்கள், யார் கொடுத்தார்கள், உங்களுக்கு வெட்கமாக இல்லையா. அவர் விரலைத் துடைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். மூன்றாவது வாரம் சொன்னார்.

“ஏ டீச்சர், நீ இப்படிப் பிரம்பு புடிச்ச மாதிரி நின்னா யாருக்கும் ஏறத்தான் செய்யும். நான் கோயில்லயே பார்த்துக்கிறேன்.”

“கோயில்லயா?”

“பூசைக்கு வெறும் வயித்தோடதான போறேன்? முடிஞ்சதும் அந்த வேப்பமரத்தடி பெஞ்சுல உக்காந்து பார்த்தா ஆச்சு. மச்சான் கூட இருக்காருல்ல.”

கத்தோலிக்கக் குடும்பங்களில் இது பழைய பழக்கம். நற்கருணை வாங்கும்வரை பல்லில் தண்ணீர்கூடப் படக்கூடாது என்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். பின்னால் சட்டம் எவ்வளவோ தளர்ந்துவிட்டது. இவர்கள் இருவரும் தளரவில்லை. அண்ணனுக்கு அகரத்தில் பூந்தோட்டம். விடியுமுன் டிவிஎஸ் வண்டியில் பூ மூட்டையோடு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வருவார். போட்டுவிட்டு, டீகூடக் குடிக்காமல் நேரே ஆறு மணிப் பூசைக்குப் போவார். என் வீட்டுக்காரரும் அங்கே வந்துவிடுவார். பூசை முடிந்துதான் இருவருக்கும் முதல் டீ.

எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. வெறும் வயிற்று ரத்தத்துக்கு இதைவிட உத்தரவாதம் உண்டா? போதாக்குறைக்கு சாட்சி என் சொந்த அண்ணன். எதிரே கோயில். அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். “ண்ணே, நீங்கதான் பக்கத்துல இருந்து பாக்கணும். இவரு ஏதாவது தில்லுமுல்லு பண்ணுவாரு.”

“நான் பாத்துக்கிறேன் ஆத்தா. நீ நிம்மதியா ஸ்கூலுக்குப் போ” என்றார் அண்ணன்.

நானும் நிம்மதியாகத்தான் போனேன்.

நான்கைந்து நாளில் எண்கள் இறங்கின. 106 வந்தது. அடுத்து 104. பிறகு 96, 93, 98. மெஷினின் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பழைய எண்களையும் சரிபார்த்தேன். எல்லாம் தேதியோடு இருந்தன. “நான் சொல்லல? ஒம் மூஞ்சியப் பாக்காம இருந்தாப் போதும், பாதி வியாதி போயிரும்” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாக வைத்தேன்.

அந்த இரண்டு வருடத்தைப் பற்றி நான் பொய் சொல்லக்கூடாது. சந்தோஷமாக இருந்தோம். சண்டை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவேன். பள்ளிக்கூடத்தில் முதலில் இமெயில் கற்றுக்கொண்ட டீச்சர் நான்தான். ஒற்றை விரலால் தட்டித் தட்டி மூன்று எண்களை அனுப்புவேன். மாதம் ஒருமுறை மகள் அந்த எண்களையெல்லாம் சேர்த்து ஒரு கிராப் போட்டு அனுப்புவாள். நீலக்கோடு ஒன்று ஏற்ற இறக்கமில்லாமல் படுத்துக்கிடக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து வந்து பீரோ கதவில் ஒட்டுவேன். டாக்டருக்கு ஒரு பிரதி. அவர் பார்த்துவிட்டு, “எல்லா பேஷண்டும் இப்படி இருந்தா நான் கிளினிக்க மூடிரலாம்” என்று சொல்லி ஒரு மாத்திரையைக் குறைத்தார். லேப் டெஸ்ட்டை வருடத்துக்கு ஒன்றாக்கினார். அந்த ஒன்றுக்கு முன்னால் வீட்டில் துறவறம் நடந்திருக்க வேண்டும்; நான் கவனிப்பதை விட்டுவிட்டிருந்தேன்.

பள்ளிக்கும் ஒரு பிரதி கொண்டுபோவேன். ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலியில் தமிழ் டீச்சர். அவர் வீட்டுக்காரரும் அதே ஆறு மணிப் பூசைக்குப் போகிறவர். கிராப்பைக் காட்டினால், “பரவாயில்லையே டீச்சர், நல்லாத்தான் இருக்கு” என்பார். சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தக் குனிந்துகொள்வார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததற்கு இப்போது கூசுகிறது.

ஒரு விஷயம் என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் 95. கறி விருந்துக்கு மறுநாளும் 97. ஓர் அடித்தல் திருத்தல் இல்லாத பேப்பர். மற்றவர் பிள்ளை எழுதியிருந்தால் மேசைக்குக் கூப்பிட்டிருப்பேன்.

மூன்றாவது வருடம் கோடு மேலே கிளம்பியது. 108 என்று தொடங்கி மெல்ல மெல்ல 125, 140, 158. ஆடியில் 180ஐத் தொட்டது. மகள் பதறி எழுதினாள். வீட்டில் மறுபடியும் போலீஸ். அவர் முகத்தில் அந்தக் காலத்தில் ஒரு குழப்பம் இருந்ததைக் கண்டேன். “மெஷின் பழசாயிருச்சு போல” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டர் குறைத்த மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார், இன்னொன்றும் சேர்த்தார். வீட்டுக்காரருக்குக் கால் வேறு சாயங்காலம் ஆனால் வீங்க ஆரம்பித்தது. கடையில் நிற்பதால் என்றார். நம்பினேன். எண்ணை நம்பியவள் காலைப் பார்க்கவில்லை.

ஆவணியில் அண்ணன் வேளாங்கண்ணிக்கு நடைபயணம் கிளம்பினார். வெகுநாள் வேண்டுதல், இந்த வருடம்தான் கிளம்ப முடிந்தது. காவி வேட்டி, வெறுங்கால், ஏழு நாள் நடை. செவ்வாய்க்கிழமை விடிய நான்தான் மாலை போட்டு அனுப்பிவைத்தேன். கூடப் போகிறவர் ஒருவரிடம் செல்போன் இருந்தது. அதன் நம்பரை அண்ணி ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தாள். நான் காலண்டரில் செருகிவைத்தேன்.

புதன்கிழமை மெஷினில் எண் இல்லை. “மறந்துட்டேன்” என்றார். சனிக்கிழமையும் இல்லை. “பேட்டரி தீந்துருச்சு டீச்சர்.”

பொத்தானை அமுக்கினேன். பளிச்சென்று எரிந்தது. அப்போதுதான், இத்தனை காலம் கழித்து, எனக்கு மூக்கில் வேர்த்தது.

“இன்னும் ஒண்ணும் சாப்பிடலதான? விரலக் காட்டுங்க.”

“செத்த நேரம் கழிச்சு…”

“இப்பக் காட்டுங்க.”

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். நானே குத்தினேன். முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு. இருவரும் அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். 386.

மெஷின் கோளாறு என்று இன்னொரு பட்டையைப் போட்டேன். 391. என் விரலைக் குத்திப் பார்த்தேன். 101. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

“அப்ப இம்புட்டு நாளும் நான் எழுதுனது யாரு நெம்பரு?”

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “மச்சானோடது.”

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும், எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முதல் நாள் விளையாட்டாக ஆரம்பித்ததாம். “ஒரே ஒரு நாள் நீ கத்தாம இருக்கணும்னு கேட்டேன். மச்சான் மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வீட்டு மாப்பிள்ள கும்பிட்டுக் கேக்குறப்ப அவரு என்ன செய்வாரு? நெம்பரப் பாத்து நீ சிரிச்ச. ரெண்டு தோசை கூட வச்ச. அப்புறம் எப்படி நிறுத்துறது?”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

அவர் எழுந்து போகப் பார்த்தார். நான் விடவில்லை. வேப்பமரத்தடியில் உட்காருகிற நான்கைந்து பேருக்கும் தெரியும். டீக்கடைக்காரருக்குத் தெரியும். தமிழ் டீச்சரின் வீட்டுக்காரருக்குத் தெரியும். அப்படியென்றால் தமிழ் டீச்சருக்கும் தெரியும். கிராப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் பெருமையடித்த ஒவ்வொரு மாதமும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஊர் கூடி என் காதில் பூச்சுற்றியிருந்தது, தெரியாதவள் நான் ஒருத்திதான்.

உடனே லேபுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மத்தியானம் டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கிட்னி பாதிக்கு மேல போயிருச்சு டீச்சர். இது இன்னைக்கு நேத்து நடந்ததில்ல.” பிறகு எங்கள் வீட்டு பீரோவில் ஒட்டியிருக்கிற கிராப்பின் பிரதியைத் தன் பைலிலிருந்து எடுத்துக் காட்டி, இது எப்படி என்று கேட்டார். வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது என் அண்ணன் ரத்தம் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானமான வாக்கியத்தை நான் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். இரண்டரை வருடம், திங்கள், புதன், சனி. சிவப்பு மையால் ஒவ்வொரு பக்கமாகக் குறுக்கே அடித்துக்கொண்டே வந்தேன். அந்த மெஷின் என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. என் அண்ணனைப் பற்றி உண்மையை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோது பேனா நின்றது.

108, 125, 140, 158, 180.

இவை அண்ணனுடைய எண்கள். ஏறிக்கொண்டிருந்தது அண்ணனுக்கு. அண்ணனுக்கு ஏறிய சர்க்கரைக்கு என் வீட்டுக்காரர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. தோட்டத்தில் குனிந்து நிமிர்கிற ஆளுக்குச் சர்க்கரை வருமா என்று மெஷினைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். அந்த மனுஷன் இப்போது வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்துகொண்டிருக்கிறார். சர்க்கரைக்காரன் செருப்பில்லாமல் வாசலுக்குக்கூடப் போகக்கூடாது என்று ஆயிரம் தடவை படித்தவள் நான்.

காலண்டரில் அந்தத் துண்டுத் தாள் இருந்தது. எஸ்டிடி பூத் தெரு முனையில். ஐந்து நிமிட நடை.

நான் போகவில்லை.

ஏன் என்று எத்தனையோ விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அவ்வளவு கோபம். வீட்டுக்காரர் பயந்து பொய் சொன்னார், அதையாவது ஒரு மூலையில் புரிந்துகொள்ள முடிந்தது. அண்ணனை நான்தான் காவலுக்கு வைத்தேன். “நான் பாத்துக்கிறேன் ஆத்தா” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர். தாலி என் கழுத்தில் நிலைக்க வேண்டுமென்று நான் கோயிலுக்குள் முழந்தாளிட்ட நாட்களில், அதே கோயில் வாசலில் உட்கார்ந்து விரலை நீட்டியவர். நடக்கட்டும் என்று நினைத்தேன். மாதாவிடம் போய்ப் பாவத்தைச் சொல்லட்டும். அன்று முழுவதும் அப்படியே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன், நற்கருணையும் வாங்கினேன், திரும்பி வந்தேன், அப்போதும் பூத்தைத் தாண்டித்தான் வந்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் போன் பண்ணினேன். செல்போன்காரர் எடுத்தார். “வந்து சேந்துட்டோம்மா. ஒங்க அண்ணன்தான் படுத்துருக்காரு. சனிக்கிழம சாயந்தரம் கால்ல ஒரு ஆணி ஏறிருச்சு. வண்டியில ஏறச் சொன்னா கேக்கல. வேண்டுதல்னு அந்தக் காலோடயே ரெண்டு நாள் நடந்துட்டாரு. இப்ப ரொம்ப வீங்கிருக்கு.”

வாடகைக் காரில் போய்க் கூட்டிவந்தோம். ஆஸ்பத்திரியில் அண்ணனின் சர்க்கரையைப் பார்க்கச் சொன்னவள் நான்தான். வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “ஒன்ன ஏமாத்துனதுக்கு மாதா குடுத்த தண்டனை ஆத்தா” என்றார். நான் கையை விடுவித்துக்கொண்டேன். கோபம் என்று அவர் நினைத்திருப்பார்.

என் வீட்டுக்காரர் அதற்குப் பின் ஐந்து வருடம் இருந்தார். கடைசி ஒன்றரை வருடம் வாரம் இரண்டு முறை மதுரைக்கு டயாலிசிஸ். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்குவார். கடைசிவரை ஒவ்வொரு நாளும் நானே விரலைக் குத்தி எண்ணைப் பார்த்தேன். எண் கூடுதலாக வந்தாலும் கத்தவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. “ஏதாவது திட்டேன் டீச்சர்” என்பார். எனக்கு வரவில்லை. அவரை நான் முழுதாக மன்னித்தேனா என்று இப்போதும் தெரியவில்லை. அந்த இரண்டு தோசையை மன்னிக்கவில்லை.

அண்ணன் இருக்கிறார். பூந்தோட்டத்தை மகன் பார்த்துக்கொள்கிறான். அண்ணன் காலுக்கென்று செய்த செருப்பைப் போட்டுக்கொண்டு, சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் என் வீட்டுக்கு வருகிறார், வெறும் வயிற்றோடு. மகள் அனுப்பிய புது மெஷின் இருக்கிறது, ஐந்தே நொடியில் எண் வந்துவிடும். விரலை நீட்டிக்கொண்டு, “இது என் சொந்த வெரலுதான், பாத்துக்க” என்பார். அதே நோட்டில், சிவப்பு மையில் அடிபடாத அந்தக் கடைசி எண்களுக்குக் கீழே, நான் தேதி போட்டு எழுதுவேன். பிறகு இட்லி வைப்பேன்.

அந்த நேரத்தில் யார் வந்தாலும் அவர் விடமாட்டார். தமிழ் டீச்சர் வந்தாலும் சரி, கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தாலும் சரி. காலைக் காட்டி, “என் தங்கச்சி கணக்கு டீச்சருல்ல, நெம்பரப் பாத்தே எனக்குச் சக்கரைன்னு கண்டுபுடிச்சிட்டா. இல்லேன்னா முட்டியோட போயிருக்கும்” என்பார். நான் சட்னி எடுக்க அடுப்படிக்குப் போய்விடுவேன். எந்தக் கிழமை கண்டுபிடித்தேன் என்று அவர் இதுவரை கேட்டதில்லை.